ஒரு வீட்டில் ரெண்டு மிக்ஸிங்

பாட்டு நன்றாக அமைந்தால் பாடியவருக்குப் பேர், மெட்டுப் போட்டவருக்குப் பேர். அமையாவிட்டால் 'சவுண்டு சரியில்லப்பா' என்று எங்களுக்குப் பேர். மிக்ஸிங் என்கிற தொழில் இவ்வளவுதான். குரலைத் தனியாக, உறுமியைத் தனியாக, புல்லாங்குழலைத் தனியாகப் பதிவு செய்து அனுப்புவார்கள். எதை ஏற்றணும், எதை இறக்கணும், எதை ஓரமாக உட்கார வைக்கணும் என்று பார்த்து எல்லாவற்றையும் ஒரே பாட்டாக்கித் தருவது என் வேலை. நான் செய்தது நன்றாக இருந்தால், நான் ஏதோ செய்திருக்கிறேன் என்பதே யாருக்கும் தெரியாது. கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர், அச்சகத்தில் பிழை திருத்துகிறவர், மேடைக்குப் பின்னால் மைக் வயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர், நீங்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

நான் ஒன்றும் தோற்றுப்போன ஆள் இல்லை. சென்னையில் பல வருஷம் சினிமாப் பாட்டுகளுக்கு மிக்ஸிங் பண்ணியிருக்கிறேன். இன்றைக்கும் அங்கிருந்து வேலை அனுப்புகிறார்கள். சிவகாசி பஸ் ஸ்டாண்டில் நிற்கிற எந்த பஸ்ஸில் ஏறினாலும் என் கை பட்ட பாட்டு ஒன்று ஓடும். அதே பஸ்ஸில் நான் நின்றுகொண்டுதான் வருவேன். அதைப் பற்றிப் புகார் ஒன்றும் இல்லை, சலிப்புதான்.

சிக்கல் எங்கே என்றால், எங்கள் ஊரில் மிக்ஸிங் என்றால் ஒன்றே ஒன்றுதான். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குவது. என் அண்ணன் மாரியப்பன், புதுப்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் அந்த வேலைதான் பார்த்தார். விடிவதற்கு முன்னால் வேன் வரும். வெயில் ஏறுவதற்குள் கலக்கி முடித்துவிட வேண்டும். கம்பெனியிலேயே ஆபத்தான வேலை அது, அதனாலேயே மரியாதையான வேலையும் அதுதான். அந்த வேலையைப் பார்த்துத்தான் அண்ணன் என்னைச் சென்னைக்கு அனுப்பி சவுண்டு படிக்க வைத்தார். நான் ஏன் சென்னையை விட்டுவிட்டு இங்கே வந்து ஸ்டுடியோ போட்டேன் என்று ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். காரணம் ஒன்றுதான். அண்ணனை அந்த ரூமிலிருந்து வெளியே கொண்டு வரணும். 'என்கூட வந்துருங்கண்ணே' என்று நான் வாயைத் திறந்தாலே, 'எனக்கு வேற என்னலே தெரியும்' என்று எழுந்து போய்விடுவார்.

கை பார்த்தது

முதலில் என் கல்யாணக் கதை. நான் அப்போது சென்னையில் இருந்தேன். ஆலங்குளத்தில் ஒரு வீட்டில் பெண் இருக்கிறது, டீச்சர் என்று தரகர் சொன்னார். பெண் வீட்டில் போய், 'மாப்பிள்ளை சென்னையில மிக்ஸிங், நல்ல பேரு' என்று சொல்லியிருக்கிறார். பெண்ணின் அப்பா சிமெண்டு ஆலையில் வேலை பார்த்தவர். அவர் கான்கிரீட் கலக்குகிற கம்பெனி என்று எடுத்துக்கொண்டார். அம்மா சிவகாசியில் பிறந்தவர். அவர் எடுத்துக்கொண்டது வேறு.

எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். காபி வந்தது. அந்த அம்மா காபியைத் தொடவில்லை. என் முகத்தையும் கழுத்தையும் பார்த்தார். பிறகு, 'தம்பி, கோவிச்சுக்கிடாதீக, கையை இப்படி நீட்டுங்க' என்றார். ரேகை பார்க்கப் போகிறார்கள் என்று நான் நீட்டினேன். அவர் விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். அந்த நேரம் பார்த்து என் பார்வை அண்ணன் மேல் போனது. அவர் கதவோரமாக நின்றுகொண்டு, தீக்காயத் தழும்பு இருக்கிற தன் வலது கையை மெள்ள முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். வந்த சம்பந்தத்தை அப்படியே அனுப்பிவிடலாமா என்று இருந்தது. அதற்குள் அந்த அம்மா எண்ணி முடித்து, வீட்டுக்காரரிடம் திருப்தியாகச் சொன்னார்:

"கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. வேலைக்குச் சேந்து ரொம்ப நாள் ஆகல போல."

போர்டு

விளக்கம் சொல்லி, பாட்டைப் போட்டுக்காட்டி, கல்யாணம் முடிந்து, நான் ஊருக்கு வந்தாயிற்று. ஒரு ஆஃப்செட் அச்சகத்தின் மாடியைப் பிடித்து ஸ்டுடியோ போட்டேன். சுவரெல்லாம் பஞ்சும் பலகையும் வைத்து அடைத்து, ஜன்னலை மூடிப் பூசி, வெளிச்சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராதபடி ஒரே ஒரு கனத்த கதவு. அந்தக் கதவில் சென்னைப் பழக்கத்தில் ஒரு போர்டு மாட்டினேன். 'மிக்ஸிங் ரூம். அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது.' சிவகாசியில், குடியிருப்புக்கு நடுவில், கீழே கட்டுக்கட்டாகக் காகிதம் அடுக்கின அச்சகத்துக்கு மேலே, இப்படி ஒரு போர்டு.

மறுநாள் காலையில் அச்சக அண்ணாச்சி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடியேறி ஓடி வந்தார். எதிர்வீட்டுக்காரர்கள் தெருவில் கூடி நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் போலீஸ் ஒருவரும் வந்தார். கள்ளத்தனமாக வீட்டுக்குள் மருந்து கலக்குகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் அவரை உள்ளே உட்கார வைத்து, இதுதான் சார் மிக்ஸிங் என்று ஒரு தேர்தல் பாட்டைப் போட்டேன். தாரை தப்பட்டையோடு பாட்டு முடிகிற வரைக்கும் அசையாமல் கேட்டார். தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"மருந்து இல்லங்கிறீக, சரி. இந்தச் சத்தத்துக்கு லைசென்ஸ் வச்சிருக்கீகளா?"

மிஷின் ஓடட்டும்

கோயில் பொங்கலுக்குப் பாட்டுப் போட ஒரு கமிட்டி வந்தது. கமிட்டி என்றால் தலைவரும் செயலாளரும் மட்டும் வருவார்கள் என்று நினைப்பீர்கள். வேன் பிடித்து மொத்தக் கமிட்டியும் வந்தது. சின்ன ரூம். ஸ்பீக்கருக்கு முன்னால் இருவர், சோபாவில் ஐவர், எனக்குப் பின்னால் மூச்சு விடுகிற தூரத்தில் மீதிப் பேர். ஒருத்தருக்கு அவர் மருமகன் அடித்த உறுமி கேட்கணும். இன்னொருத்தருக்கு நன்கொடையாளர் பேர் வருகிற இடத்தில் மேளமே வேண்டாம். மூன்றாமவர், 'அம்மன் வர்ற எடத்துல ஒரு அதிர்வு வேணும் தம்பி, நெஞ்சுல வந்து இடிக்கணும்' என்றார். நானும் ஏற்றி இறக்கி, இறக்கி ஏற்றி, தோள்பட்டை கழன்று போனது.

ஒருவழியாகத் தலைவர் தலையை ஆட்டினார். 'இது. இதுதான். இந்த அதிர்வுதான்.' நான் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன். சேமித்துவிட்டு மறுபடி போட்டுக் காட்டினால், 'எங்க தம்பி அதிர்வு? போச்சே' என்கிறார். எனக்கு விளங்கவே இல்லை. எதையும் நான் தொடவில்லை. பிறகுதான் உறைத்தது. கீழே அச்சகத்தில் காலண்டர் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் என்ன அடைத்தாலும் மிஷினின் அதிர்வு தரை வழியாக ஏறி வரும், அதை மட்டும் என்னால் நிறுத்த முடியவில்லை. அப்போது சாப்பாட்டு நேரம், மிஷினை நிறுத்திவிட்டார்கள். இதைத் தலைவரிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பொங்கச் சாட்டி, திருவிழா நாள் குறித்த ஊருக்குத் தலைவர் எப்படி அதிகாரமாகப் பேசுவாரோ அப்படிச் சொன்னார்:

"அப்ப அந்த மிஷின்காரரைச் சாப்பிட்டதும் ஓட்டச் சொல்லுங்க. அதையும் பாட்டுல சேத்துருங்க."

அண்ணன் வந்த ஞாயிற்றுக்கிழமை

இப்படிக் கூட்டத்தைச் சமாளிக்க எனக்கு ஒரு ஆள் வேண்டும் என்பது உண்மைதான். அதையே சாக்காக வைத்து அண்ணனிடம் போனேன். 'பாட்டு கீட்டு ஒண்ணும் தெரிய வேணாம்ணே. வர்றவுகளைப் பாத்து உக்கார வைக்கணும், அம்புட்டுத்தான்.' அண்ணன் சம்சாரம், என் மதினியும் கூடச் சேர்ந்து கெஞ்சினார். 'ஒரு நாளைக்குப் போய்த்தான் பாருங்களேன்' என்று மதினி முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகு, கம்பெனி லீவான ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார்.

கதவுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றினார். உள்ளே வருவதற்கு முன்னால் கதவின் இரும்புப் பிடியை உள்ளங்கையால் அழுத்தித் தொட்டார். மருந்து ரூமுக்குள் போகும்போது உடம்பில் இருக்கிற கரண்ட்டு இறங்குவதற்காகத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். அந்தப் பழக்கம். சட்டைப் பையிலிருந்த சாவியையும் போனையும் வெளியில் ஸ்டூலில் வைத்தார். பிறகு உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். நான் ஸ்பீக்கரைக் காட்டினேன், பெரிய திரையைக் காட்டினேன், சென்னையில் வாங்கின பரிசையும் காட்டினேன். அவர் எதையும் பார்க்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று நடந்தார். அவர் முகம் வெளிறிப்போனதைக் கண்டு எனக்கே பயமாகிவிட்டது.

மருந்து ரூமில் பல பக்கமும் வாசல் வைத்திருப்பார்கள். எல்லாம் வெளிப்பக்கம் திறக்கும். ஏதாவது ஆனால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பாய்ந்துவிடலாம். அந்த மாதிரி ரூமிலேயே காலமெல்லாம் நின்ற மனுஷனுக்கு, பஞ்சும் பலகையும் அடைத்த ஒற்றைக் கதவு ரூம் எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. ஏசியைக் கூட்டுகிறேன், உட்காருங்கள் என்றேன். அவர் வெளியே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தார்:

"ஏலே, ஒத்த வாசல் வச்ச ரூமுக்குள்ள மனுசன் இருப்பானா? எனக்குப் புத்தி சொல்ல வந்துட்ட. நீ மொதல்ல வெளிய வா."

கூடையில் இருந்த போன்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு சபையின் பாடகர் குழு ஆராதனைப் பாட்டுகள் பதிவு செய்ய வந்திருந்தார்கள். பத்துப் பேர். அதில் மூன்று பேர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ரூமுக்குள் போன் கொண்டுவரக் கூடாது என்பது என் சட்டம். எல்லாப் போனையும் வெளியே ஒரு கூடையில் போட்டு வைக்கச் சொன்னேன். முற்பகல் முழுக்கப் பாடினார்கள். அபூர்வமாக ஒரு நல்ல நாள். யாரும் யாரையும் மிஞ்சிப் பாடவில்லை. எனக்கே அலுப்பு கொஞ்சம் தீர்ந்தது.

முடித்துக் கதவைத் திறந்தேன். கூடைக்குள் எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் அதிர்ந்துகொண்டிருந்தன. அச்சகத்தில் மிஷின் நின்றிருந்தது. மாடியிலிருந்து பார்த்தால் தெரு முழுக்க ஆட்கள் நின்றுகொண்டு ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதுப்பட்டிப் பக்கம். அந்தத் திசையில் வெள்ளையாகப் புகை நின்றது. கிரேஸ் சிஸ்டர் என்ற நர்ஸம்மா போனை எடுத்துக் காதில் வைத்த உடனே மற்ற இருவரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினார். அண்ணாச்சி என்னைப் பார்த்து, 'தம்பி, கண்ணாடியெல்லாம் ஆடுச்சே, நீங்க இறங்கி வரவே இல்லையே' என்றார். தரை அதிர்ந்திருந்தாலும் மிஷின் என்றே எண்ணியிருப்பேன். நான் வண்டியை எடுத்தது, எந்த வழியாகப் போனது என்பதெல்லாம் எனக்கு நினைவில்லை. வழி நெடுக அழுதுகொண்டே போனேன், அது மட்டும் தெரியும்.

அண்ணன் கம்பெனிதான். ஆனால் வெடித்தது அண்ணனுடைய ரூம் இல்லை, பக்கத்து ரூம். அதில் வேலை பார்த்த இரண்டு பேர் பின்வாசல் வழியாகப் பாய்ந்து தீக்காயத்தோடு தப்பிவிட்டார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. கேட்டுக்கு வெளியே, வேலி ஓரமாக, உடம்பெல்லாம் அலுமினியப் பொடி வெள்ளி மாதிரி ஒட்டியிருக்க, அண்ணன் வெறுங்காலோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நான் போய் அவர் காலடியில் விழாத குறையாக உட்கார்ந்து, 'இப்பத்தான்ணே தெரியும், இப்பத்தான் தெரியும்' என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவருக்கு வெடிச் சத்தத்தில் காது அடைத்திருந்தது. என் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு, ஒரு வருத்தமும் இல்லாமல், நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டார்:

"உனக்குக் கேக்கலையாலே? விருதுநகர் வரைக்கும் கேட்டிருக்குமே."

பின்வாசல்

அதிகாரிகள் வந்து கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். அண்ணன் வீட்டில் இருந்தார். வேலையில்லாத மனுஷனை வீட்டில் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று மதினியைக் கேட்டால் சொல்வார். விடிவதற்கு முன்னால் எழுந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். போக இடம் கிடையாது. நான் வா என்று கூப்பிடவும் பயந்தேன். கூப்பிட்டு அவர் மாட்டேன் என்றுவிட்டால் அதற்கப்புறம் என்னிடம் வேறு வழி இல்லை.

கொத்தனாரைக் கூப்பிட்டேன். ஸ்டுடியோவின் பின்சுவரை இடித்து ஒரு வாசல் வைக்கணும், வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி, அதிலிருந்து கீழே போக ஒரு இரும்புப் படி. சென்னை நண்பர் ஒருவர் போனிலேயே திட்டினார். ரூம் கெட்டுப் போகும், தெருச் சத்தம் முழுக்க உள்ளே வரும், உனக்குக் கிறுக்கா என்றார். தெருச் சத்தம் வரட்டும் என்றுதான் சொன்னேன். வருகிற சத்தம் வந்துகொண்டே இருக்கட்டும், எனக்குத் தெரியட்டும். கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்தார். பஞ்சை உருவிப் பார்த்தார். என்னையும் ஒரு மாதிரிப் பார்த்தார்:

"சத்தம் வரக்கூடாதுன்னு எம்புட்டுப் பாடுபட்டு அடைச்சிருக்கீக. இப்ப வரட்டும்னு இடிக்கச் சொல்றீக. வீட்டுல சொல்லிட்டுத்தான செய்றீக?"

மூணாவது ஆள்

வாசல் வைத்த செய்தியை மதினி எப்படிச் சொன்னாரோ தெரியாது. ஒரு நாள் காலையில் நான் போகும்போது அண்ணன் பின்பக்க இரும்புப் படியில் நின்று கதவைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். 'கீலுக்கு எண்ணெய் போடணும்' என்றார். இரண்டு கதவும் தெரிகிற மாதிரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நானும் மூச்சுக் காட்டாமல் என் வேலையைப் பார்த்தேன்.

அன்றைக்கென்று பழைய கோயில் கமிட்டி வந்தது. அடுத்த திருவிழாவுக்கு அடுத்த பாட்டு. அதே வேன், அதே கூட்டம். அண்ணன் எழுந்து கதவை மறித்துக்கொண்டார். மருந்து ரூம் வாசலில் எத்தனை ஆள், எத்தனை கிலோ என்று எழுதிப் போட்டிருப்பார்கள். அதற்கு மேல் ஒரு ஆள் கூடினாலும் கலக்குகிறவர் வேலையைத் தொட மாட்டார். அண்ணன் அதே குரலில், 'ஒருத்தர் மட்டும் வாங்க, மத்தவுக கீழ நில்லுங்க' என்றார். தலைவர் திகைத்துவிட்டார். ஊர்க் காரியம், கமிட்டியில் எல்லாரும் கேட்டால்தானே முடிவு பண்ண முடியும் என்றார். அண்ணன் அசையவில்லை. கடைசியில் தலைவர் மட்டும் உள்ளே வந்தார், அண்ணன் கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். தனியாக வந்தவருக்கு யாரிடமும் வீம்பு காட்ட வேண்டியது இல்லை. இரண்டு தடவை கேட்டார், நல்லாருக்கு என்றார், எழுந்தார். என் தொழிலில் இப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததே இல்லை. வெளியே போகும்போது, யார் தம்பி இவுக, உங்களுக்கு வாத்தியாரா என்று என் காதோரம் கேட்டார். அண்ணனுக்கு அது கேட்டுவிட்டது. அவரே பதில் சொன்னார்:

"எந்த மிக்ஸிங்னாலும் ரெண்டு ஆளுதான் அண்ணாச்சி. மூணாவது ஆளு பேச்சுக் குடுக்கத்தான் வருவான்."

வேன்

அண்ணன் தினமும் வந்தார். சம்பளம் என்று நானும் பேசவில்லை, வேலை என்று அவரும் சொல்லவில்லை. 'வீட்டுல சும்மா இருக்க முடியல, அதான் வாரேன்' என்பார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பேச்சை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போனோம். இதற்கிடையில் கம்பெனிக்குச் சீல் எடுத்துவிட்டார்கள். தீபாவளி சீசன் நெருங்குகிறது, மிக்ஸிங்குக்கு அனுபவப்பட்ட ஆள் வேணும் என்று போர்மேன் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் விடிய வேன் வரும். அண்ணன் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மதினி எனக்குப் போன் பண்ணி, 'தம்பி, நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க' என்று அழுதார்.

நான் இருட்டோடு கிளம்பிப் போனேன். மதினி வழக்கம்போலச் சோற்றுவாளியைக் கட்டி வைத்திருந்தார். எங்கே போவதற்கு என்று தெரியாமலேயே கட்டியிருக்கிறார், பாவம். அண்ணன் குளித்து, துவைத்த சட்டை போட்டு, வாளியைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் என்னென்னவோ பேசணும் என்று வழியெல்லாம் யோசித்து வந்திருந்தேன். ஆனால் காலமெல்லாம் என்னைச் சுமந்த மனுஷனிடம் போய், 'அந்த வேலை வேண்டாம், என் நிழலில் வந்து இரு' என்று எந்த வாயால் சொல்வது? தம்பி நிழலுக்கு வருவதுதான் அவரையும் தடுத்துக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. வேன் ஹாரன் அடித்தது. அண்ணன் வேகமாக நடந்தார். நானும் மதினியும் வாசலிலேயே நின்றுவிட்டோம். போயிட்டார், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

வேன் கதவு திறந்தது. உள்ளே இருந்தவர்கள் அண்ணனுக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள். டிரைவர், 'ஏறுங்கண்ணே, உங்களுக்குத்தான் காத்துக் கெடக்கு' என்றார். அண்ணன் ஏறவில்லை. வேனின் இரும்புச் சட்டத்தில் கையை வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, நிமிர்ந்து நின்று சொன்னார்:

"நான் மிக்ஸிங்கை விடலப்பா. எந்தம்பி ஒத்தையா கெடந்து சாகுறான், அவன் கம்பெனியில சேந்துட்டேன். போர்மேன்கிட்டச் சொல்லிரு."

ஆக, ஒரு ரூமிலிருந்து அண்ணனை வெளியே கொண்டுவர நான் பட்ட பாட்டுக்குப் பலனாக, இப்போது என் ரூமுக்குள் நானே ரெண்டாவது ஆளாகத்தான் போய்வந்துகொண்டிருக்கிறேன்.